உட்காரப் போகிறவருக்கான சதுர அடி

சென்னையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் 10,000 சதுர அடியை வாடகைக்கு எடுக்கும் நிறுவனம் அந்த 10,000 சதுர அடியிலும் மேசை போட்டுவிட முடியாது. லிஃப்ட் இறங்கும் குழி, மாடிப்படி, கீழ்த்தள வரவேற்புக்கூடம், ஏ.சி. இயந்திர அறை, குழாய்களும் ஒயர்களும் போகும் தண்டு என்று எல்லாவற்றிலும் ஒரு பங்கு அந்தக் கணக்கில் ஏறியிருக்கும். தொழிலில் இருப்பவர்கள் இதை ‘சூப்பர் பில்ட்-அப்’ என்பார்கள்; ஏற்றிய பங்குக்கு ‘லோடிங்’ என்று பெயர். கையில் கிடைப்பது நூற்றுக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 70 ரூபாய் வாடகை என்றால் மாதம் 7 லட்சம். உண்மையில் புழங்கக் கிடைப்பது 7,000 சதுர அடி என்பதால், புழங்கும் ஒவ்வோர் அடிக்கும் கொடுப்பது 100 ரூபாய். பக்கத்துக் கட்டடத்தில் வாடகை 78 ரூபாய், கையில் கிடைப்பது நூற்றுக்கு 80 என்றால் அங்கே புழங்கும் அடிக்கு 97 ரூபாய் 50 காசுதான். ஆனால், புரோக்கர் அனுப்பும் பட்டியலில் முதல் கட்டடம்தான் மலிவு என்று நிற்கும். ஒரு நகரத்தின் அலுவலகங்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதை இந்தக் கணக்கே பெருமளவு தீர்மானிக்கிறது. வரவேற்புக்கூடத்துக்கும் வாடகை, மேசைக்கும் அதே வாடகை என்றால், உள்ளே வேலை செய்பவருக்கு இன்னும் நான்கு அடி தள்ளிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வரைபடம் போடுபவருக்கு எங்கிருந்து வரும்?

‘வாடகைதாரரை மையமாக வைத்த அலுவலகம்’ என்ற சொல் இப்போது வணிகக் கட்டடத் துறையில் அடிக்கடி காதில் விழுகிறது. 2020-இல் வந்த பெருந்தொற்றுக்குப் பிறகு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகியவர்களைத் திரும்ப அழைக்க வேண்டிய நெருக்கடி நிறுவனங்களுக்கு வந்தது. அதனால் கட்டட உரிமையாளர்களும் உடற்பயிற்சிக் கூடம், மொட்டைமாடித் தோட்டம், டேபிள் டென்னிஸ் மேசை, நல்ல காபி என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். இவை இருப்பது நல்லதுதான். ஆனால், வாடகைதாரர் யார் என்ற கேள்வியை இவை தொடவே இல்லை. ஓர் அலுவலகக் கட்டடத்தில் மூன்று தரப்பினர் இருக்கிறார்கள்: கட்டுகிறவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர், அங்கே நாளெல்லாம் உட்காருகிறவர். முதலாமவர் கட்டும் செலவைப் பார்க்கிறார். இரண்டாமவர் மாத வாடகையைப் பார்க்கிறார். மூன்றாமவரின் கழுத்துவலியும் கண்ணெரிச்சலும் மதியம் மூன்று மணிக்கு வரும் மந்தமும் இவர்கள் இருவரின் கணக்குப் புத்தகத்திலும் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. அந்த மூன்றாமவரிலிருந்து கட்டடத்தை வரையத் தொடங்க வேண்டும் என்பதும், வாடகையை அளக்கும் முறை மாறாமல் அது நடக்காது என்பதும்தான் என் வாதம்.

பழைய மகாபலிபுரம் சாலையையே எடுத்துக்கொள்வோம். 2000-இல் தரமணியில் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டதிலிருந்து கால் நூற்றாண்டில் சிறுசேரி வரை நீண்டுவிட்ட அலுவலகத் தெரு அது. மத்திய கைலாஷிலிருந்து கடலுக்கு இணையாக, ஏறக்குறைய வடக்கு தெற்காகச் செல்லும் சாலை. எனவே, சாலையைப் பார்த்து முகப்பு வைக்கும் கட்டடங்கள் கிழக்கையோ மேற்கையோ பார்த்தே நிற்கின்றன. சென்னை இருப்பது 13 பாகை அட்சரேகையில். நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கே வந்துவிடுவதால், தெற்கு வடக்குச் சுவர்களை ஓரிரு அடி நீட்டிய நிழல்தட்டு காப்பாற்றிவிடும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்ந்து சாய்வாக நுழைவதால் அதைத் தடுப்பது கடினம். அப்படிப்பட்ட மேற்குப் பக்கத்தில்தான் தரையிலிருந்து உச்சிவரை கண்ணாடி போடுகிறோம். தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூரில் வீடு கட்டினாலும், யாரும் சொல்லாமலே கொத்தனார் சன்னலுக்கு மேல் ‘சன்ஷேடு’ வைத்துவிடுவார். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் அலுவலகத்தில் அது இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேற்கு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் திரைச்சீலையை முழுக்க இறக்குகிறார்கள், திரையில் எழுத்து தெரியாததால். அறை இருட்டாகிறது, விளக்குகள் எரிகின்றன. வெளிச்சத்துக்காக வைத்ததாகச் சொல்லப்பட்ட கண்ணாடி வெப்பத்தை மட்டும் உள்ளே விடுகிறது, அதை வெளியேற்ற ஏ.சி. கூடுதலாக ஓடுகிறது. சன்னலிலிருந்து நாற்பது அடி உள்ளே, காற்றுத் துளைக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் பெண்ணோ, நாற்காலியில் எப்போதும் ஒரு ஸ்வெட்டரை மாட்டி வைத்திருக்கிறார். துளையின் பாதியை யாரோ அட்டையும் டேப்பும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அப்படி ஒட்டிய அட்டை ஒரு குறிப்பு. வடிவமைத்தவர் கேட்க மறந்த கேள்விக்கு உட்காருகிறவர் தாமே எழுதிக்கொண்ட பதில் அது.

இதற்கெல்லாம் மாற்று இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தை அடுத்த போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் 2011-இல் ஒரு கட்டடத்தை இரண்டு ஒத்த பாதிகளாகக் கட்டியது. ஒரு பாதியில் வழக்கமான காற்றுவழிக் குளிரூட்டல்; மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிடும் முறை. ஒரே வெயில், ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி ஆட்கள். நீர்க்குழாய் வைத்த பாதி, குளிரூட்ட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவான மின்சாரத்தில் ஓடியது. அமைக்கும் செலவும் கூடிவிடவில்லை. இது ஹைதராபாத்தின் காய்ந்த காற்றுக்குப் பொருந்தியது, சென்னையின் ஈரக் காற்றில் குளிர்ந்த கூரை வியர்த்துவிடும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். நியாயமான எச்சரிக்கை. ஈரத்தைத் தனியாக உறிஞ்சாமல் இங்கே அதைச் செய்ய முடியாது. என்றாலும், இந்த எடுத்துக்காட்டு சொல்லும் செய்தி குழாயைப் பற்றியது மட்டுமில்லை. அந்தக் கட்டடத்தைக் கட்டியவரும் அங்கே உட்காருகிறவரும் மின்கட்டணம் கட்டுகிறவரும் ஒரே நிறுவனம். மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் தன் கைக்கே வரும் என்பதால் அது இரண்டு பாதியாகக் கட்டி அளந்து பார்த்தது. வாடகைக்கு விடப்போகிறவருக்கு அந்த ஆர்வம் இருக்கக் காரணமே இல்லை. மின்கட்டணம் வாடகைதாரருடையது, பராமரிப்புக் கட்டணமும் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாடகைதாரரிடமிருந்தே வந்துவிடும். கட்டுகிறவர் இன்று நிழல்தட்டில் மிச்சம் பிடிக்கும் பணத்தை, வாடகைக்கு வருகிறவர் ஆண்டுக்கணக்காக மின்சாரமாகக் கட்டித்தீர்க்கிறார்.

காற்று விஷயத்தில் இது இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 24 அலுவலகப் பணியாளர்களை ஆறு நாட்கள் ஒரே ஆய்வுக்கூட அலுவலகத்தில் உட்காரவைத்து வேலை பார்க்கச் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரியாமல் ஒவ்வொரு நாளும் உள்ளே வரும் வெளிக்காற்றின் அளவையும், பெயின்ட், பசை போன்றவற்றிலிருந்து கிளம்பும் ஆவியின் அளவையும் மாற்றினார்கள். பிற்பகலில் முடிவெடுக்கும் திறனைச் சோதித்தார்கள். வழக்கமான அலுவலகக் காற்றில் எடுத்ததைவிட, ஆவி குறைந்த காற்றில் அவர்களின் மதிப்பெண் சராசரியாக 61 சதவீதம் கூடியது. அதோடு வெளிக்காற்றையும் கூட்டிய நாட்களில் இரட்டிப்பானது. 24 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனால், மூடிய அறையில் பலர் கூடி உட்கார்ந்தால் கரியமில வாயு ஏறும், தலை கனக்கும் என்பது திருமண மண்டபத்து ஏ.சி. ஹாலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த எவருக்கும் தெரிந்ததுதான். சென்னை போன்ற ஊரில் வெளிக்காற்றை உள்ளே விடுவது என்றால் அதன் வெப்பத்தையும் ஈரத்தையும் இறக்கியாக வேண்டும், அது செலவு. அதனால், மின்சாரத்தை மிச்சப்படுத்த முதலில் மூடப்படுவது வெளிக்காற்று வரும் வழிதான். மூடியது யாருக்கும் தெரியாது. கரியமில வாயுவை அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. தளத்துக்கு ஒன்றை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைத்தால் போதும், அந்தத் தகவல் நிர்வாக அறையிலிருந்து மேசைக்கு வந்துவிடும்.

இரவு வேலை சென்னைக்குப் புதிதில்லை. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் குழுக்கள் பல கட்டடங்களில் உண்டு. மாலை ஏழு, எட்டு மணிக்கு மேல் மைய ஏ.சி. நின்றுவிடும், அதற்குப் பிறகு வேண்டுமென்றால் மணிக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். தளம் முழுவதும் ஒரே இயந்திரத்தில் தொங்குவதால், மூலையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்காக இருநூறு பேர் உட்காரும் தளம் முழுக்கக் குளிர வேண்டியிருக்கிறது. தளத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து நான்கு சுவிட்சும் நான்கு மீட்டரும் வைப்பது கட்டும்போதே செய்யக்கூடிய எளிய வேலை. கட்டி முடித்த பிறகு பொய்க்கூரையைப் பிரித்துச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் யாரும் செய்வதில்லை. வெப்பநிலையிலும் இதே கதைதான். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களின் 16 அலுவலகக் கட்டடங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டியபோது, மேலைநாட்டு அளவுகோல் சொல்வதைவிடக் கூடுதலான வெப்பநிலையிலும் நம்மவர்கள் சௌகரியமாக இருப்பது தெரிந்தது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இந்த அணுகுமுறையை ஏற்றுக்கொண்டது. ஏ.சி.யை 24 பாகையில் வையுங்கள், ஒவ்வொரு பாகை கூட்டும்போதும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் சொன்னது. இத்தனைக்கும் பிறகு நம் அலுவலகங்களில் ஸ்வெட்டர் தேவைப்படுவதற்குக் காரணம், குளிரைக் கூட்டவும் குறைக்கவும் குளிர்கிறவருக்கு வழியில்லை என்பதுதான்.

வாடகைதாரர் என்றதும் கணினி முன்னால் உட்காருகிறவரோடு நிறுத்திக்கொள்வது சரியில்லை. கதவருகே பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டி, கழிவறையைத் துடைக்கும் அக்கா, ராத்திரி வண்டி ஓட்டிவிட்டுக் காத்திருக்கும் டிரைவர், இவர்களும் அந்தக் கட்டடத்தில்தான் வாழ்கிறார்கள். வரைபடத்தில் இவர்களுக்கு அறை இல்லாததால், பேஸ்மென்ட்டில் மாடிப்படிக்கு அடியில், மாப் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். பணியாளர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்திய மாநிலம் இது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கட்டாயமாக்கியது. தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக ஒரு காப்பகம் நடத்தவும் அது இடம் தந்தது. எட்டு நிறுவனங்கள் இருக்கும் கட்டடத்தில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறென்ன? ஆனால், கீழ்த்தளத்தில், வெளிச்சமும் காற்றும் உள்ள ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கி வரைய வேண்டியவர் கட்டட உரிமையாளர். பத்தாவது மாடியில் ஒப்பந்தம் போட்டவரால் அதைச் செய்ய முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்கும் சாய்தளமும் கழிவறையும்கூடப் பல இடங்களில் பின்பக்கத்து வழியாக, சரக்கு ஏறும் பாதையோடு சேர்ந்தே கிடைக்கின்றன. சக்கர நாற்காலியில் வருகிறவர் முன்வாசல் வழியாக வர வேண்டியவர்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. வாடகைதாரர் இன்று வருவார், நாளை போய்விடுவார். ஒப்பந்தம் ஒன்பது ஆண்டுக்கு என்றாலும் மூன்று ஆண்டு முடிந்தால் கிளம்பிவிடலாம் என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் வருகிறார். ஐம்பது, அறுபது ஆண்டு நிற்க வேண்டிய கட்டடத்தை ஒருவருடைய தேவைக்காக எப்படி வரைவது என்று உரிமையாளர்கள் கேட்கிறார்கள். சரியான கேள்வி. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் டஃபி இதற்கு ஒரு தெளிவான பதில் தந்திருக்கிறார். கட்டடம் என்பது ஒரே பொருளாகத் தெரிந்தாலும், வேறுவேறு ஆயுள் கொண்ட அடுக்குகள் சேர்ந்தது என்றார் அவர். எலும்புக்கூடு ஐம்பது ஆண்டுக்கு மேல், ஏ.சி., மின்சாரம், குழாய் போன்றவை பதினைந்து ஆண்டு. தடுப்பும் தரைவிரிப்பும் ஐந்தாண்டு. வாடகைதாரருக்காகக் கட்டுவது என்றால் ஒருவருடைய ஐந்தாண்டு ரசனைக்கு எலும்புக்கூட்டை வளைப்பது என்று பொருளில்லை. தூண்களுக்கு இடையே போதிய அகலம், மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே தாராளமான உயரம், யார் வந்தாலும் சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க முடிகிற ஆழம், சுவரை இடிக்காமல் மாற்றக்கூடிய குழாய்த் தண்டு, பகுதி பகுதியாக அணைக்க முடிகிற குளிரூட்டல். இவை மென்பொருள் நிறுவனத்துக்கும் வேண்டும், வங்கிக்கும் வேண்டும், நாளை அந்தத் தளத்தைப் பயிற்சிப் பள்ளியோ மருத்துவ ஆய்வுக்கூடமோ எடுத்தால் அவர்களுக்கும் வேண்டும். உரிமையாளருக்கும் இதில் இழப்பில்லை. தளம் ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் போகும் வாடகையோடு ஒப்பிட்டால், மூன்று வாரத்தில் அடுத்தவர் குடியேற முடிகிற கட்டடத்தின் கூடுதல் செலவு சிறியது.

சந்தை கேட்டால் கட்டிவிடுவார்கள், கேட்காததைத் திணிக்கலாமா என்பது இரண்டாவது மறுப்பு. தகவலே தெரியாமல் சந்தை எதைக் கேட்கும்? வீடோ கடையோ விலைக்கு வாங்குகிறவருக்கு, உள்ளே புழங்கக் கிடைக்கும் பரப்பான ‘கார்பெட் ஏரியா’ எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டாயமாக்கியது. அதே சட்டம், வாடகைக்கு எடுப்பவரைத் தன் வரையறையிலிருந்து வெளியே வைத்துவிட்டது. அதனால் விற்பனையில் வெளியே தெரிந்துவிடும் லோடிங், வாடகையில் மறைந்தே தொடர்கிறது. பெரிய பன்னாட்டு நிறுவனம் தன் சொந்த ஆட்களை வைத்து அளந்து பார்த்துக்கொள்ளும். முப்பது பேரை வைத்து மொழிபெயர்ப்போ கணக்கு வேலையோ நடத்துகிற உள்ளூர் நிறுவனம் என்ன செய்யும்?

பசுமைச் சான்றிதழ்தான் வாங்கிவிட்டோமே என்பவர்களும் உண்டு. அந்தச் சான்றிதழ்களால் நன்மை விளைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், வாடகைக் கட்டடங்கள் பெறும் சான்று பெரும்பாலும் வெற்றுக் கட்டடத்துக்கு, யாரும் குடிவருவதற்கு முன்பு, வரைபடக் கணக்கின் அடிப்படையில் கிடைப்பது. இரண்டு ஆண்டு ஆட்கள் உட்கார்ந்த பிறகு மின்சாரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, காற்று எப்படி, உட்காருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று திரும்பிவந்து கேட்பது அரிது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தென்சென்னை மூழ்கியபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஜெனரேட்டரும் மின்பலகையும் எந்தத் தளத்தில் இருக்கின்றன என்பது. 2019 கோடையில் தண்ணீரில்லாமல் பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னபோது கேட்டிருக்க வேண்டியது, இந்தக் கட்டடத்துக்கு லாரித் தண்ணீர் தவிர வேறென்ன வழி என்பது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் கட்டுகிறோம் என்பதை மறந்துவிட்டு எந்த நட்சத்திரக் குறியீடு பெற்றாலும், டிசம்பர் மாதத்தில் அதற்குப் பயன் இல்லை.

சேப்பாக்கத்தின் பழைய அரசு அலுவலகக் கட்டடங்களின் ஆழமான தாழ்வாரங்களுக்கே திரும்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அன்று ஓர் அறையில் நான்கு எழுத்தர். இன்று அதே இடத்தில் முப்பது பேரும் முப்பது கணினியும். ஏப்ரல், மே மாதங்களில் சன்னலைத் திறந்து வைத்து யாராலும் வேலை பார்க்க முடியாது. ஆனால், டிசம்பர் மாலையில், மழை ஓய்ந்து கடல்காற்று வீசும்போது திறக்கக்கூடிய ஒரு சன்னல்கூட இல்லாமல் பத்து மாடி கட்டுவதற்கு எந்த வானிலைக் காரணமும் கிடையாது.

இதை மாற்றத் தொடங்க, புதுச் சட்டம் வரும்வரை அரசு காத்திருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அரசே இங்கு பெரிய கட்டட உரிமையாளர். டைடல் பூங்கா, மாநில அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து உருவாக்கியது. 2024-இல் பட்டாபிராமில் பெரிய டைடல் பூங்காவும், விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியில் ‘டைடல் நியோ’ பூங்காக்களும் திறக்கப்பட்டன. இன்னும் பல ஊர்களுக்கு வரவிருக்கின்றன. அங்கெல்லாம் குடிவருபவை பெரும்பாலும் சிறிய நிறுவனங்கள். வேலைக்கு வருகிறவர்கள் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் இளைஞர்கள், பெண்கள். அந்தக் கட்டடங்களின் வாடகையை இனிமேல் கார்பெட் ஏரியாவில் மட்டும் சொல்லலாம். ஒவ்வொரு தளத்தின் கடந்த ஆண்டு மின்செலவையும் காற்றின் அளவையும் ஒப்பந்தத்தோடு ஒரு தாளாக இணைத்துக் கொடுக்கலாம். அடுத்துக் கட்டும் பூங்காவின் வரைபடத்தை ஒப்பந்தப்புள்ளிக்கு அனுப்பும் முன், அதில் காப்பகம் எங்கே, செக்யூரிட்டியும் துப்புரவுப் பணியாளரும் உட்கார்ந்து சாப்பிடும் அறை எங்கே, மேற்குச் சுவருக்கு நிழல் எங்கே, பஸ் நிறுத்தத்திலிருந்து குடை பிடித்து நடந்து வருகிறவர் எந்த வாசலில் நுழைவார் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லலாம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ பாதைக்காகப் பழைய மகாபலிபுரம் சாலையில் தூண்கள் எழுந்துகொண்டிருக்கும் நேரம் இது. அந்தச் சாலையில் இன்று வரைபடத்தில் இருக்கும் கட்டடங்களுக்கு முன்வாசல், கார் வந்து நிற்கும் போர்ட்டிகோவுக்கு வைக்கப்படுமா, நிலையத்திலிருந்து இறங்கி வருகிறவரின் பாதைக்கு வைக்கப்படுமா என்பது இந்த ஓரிரு ஆண்டுகளில் முடிவாகிவிடும்.